மேலே விட்டதெல்லாம் எங்கே இறங்கியது?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் இருக்கும் கிளீவ்லாந்து நகரத்துக்கு 1970களில் வாய்த்த கெட்ட பெயர் லேசானதல்ல. 1969 ஜூன் 22 அன்று ஊரின் நடுவே ஓடும் கயஹோகா ஆறு தீப்பிடித்துக்கொண்டது. எரிந்தது ஆற்றின் மேல் படர்ந்திருந்த எண்ணெயும் ஆலைக் கழிவும்தான். ஆனாலும் ‘ஆறே எரிந்த ஊர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1972இல் மேயர் ரால்ஃப் பெர்க் உலோகத் துறையினரின் மாநாடு ஒன்றைத் தொடங்கிவைக்கப் போனார். வழக்கமான துணி ரிப்பனுக்குப் பதிலாக உலோகப் பட்டை, கத்தரிக்கோலுக்குப் பதிலாக வெல்டிங் டார்ச் என்று ஏற்பாடு. பறந்த பொறி மேயரின் தலைமுடியிலேயே பற்றிக்கொண்டது. 1978 டிசம்பரில் மாநகராட்சி கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. 1930களின் பெருமந்தத்துக்குப் பிறகு அப்படிக் கைவிரித்த முதல் பெரிய அமெரிக்க நகரம் இதுதான். ஏரிக்கரையில் தவறிப் பிறந்த ஊர் என்று நாடே கேலி பேசியது.

1986இல் காற்று திரும்பியது போலத் தெரிந்தது. ராக் அண்ட் ரோல் இசைக்கான நினைவகத்தை எங்கே கட்டுவது என்ற போட்டியில் பல ஊர்களைப் பின்னுக்குத் தள்ளி, அந்த மே மாதம் கிளீவ்லாந்து வென்றது. இனி ஊரைப் பற்றி நல்லதாக நாலு பேர் பேச வேண்டும், படம் எடுக்க வேண்டும், உலகம் பார்க்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருந்தது. ‘யுனைடெட் வே’ என்ற தொண்டு அமைப்பின் உள்ளூர்க் கிளை அந்த ஆண்டு நிதி திரட்டலைத் தொடங்கிவைக்க ஒரு யோசனையோடு வந்தது. நகரின் மையச் சதுக்கத்திலிருந்து ஒரே நேரத்தில் இருபது லட்சம் பலூன்களைப் பறக்கவிட்டு, கின்னஸ் புத்தகத்தில் ஊர்ப் பெயரைப் பதிப்பது. பள்ளி மாணவர்கள் ஒரு டாலருக்கு இரண்டு பலூன் என்று நன்கொடை வசூலித்தார்கள்.

வேலை லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ட்ரெப் ஹெய்னிங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. பதினைந்து வயதில் டிஸ்னிலாந்தில் பலூன் விற்கத் தொடங்கி, பலூன் அலங்காரத்தையே ஒரு தொழிலாக வளர்த்தெடுத்தவர் அவர். இன்றைக்கு நம் ஊர்க் கல்யாண மண்டப வாசலில் நிற்கும் பலூன் வளைவு போன்ற அலங்காரங்களைப் பெரிய மேடைகளுக்குக் கொண்டுபோனவர்களில் முன்னோடி. நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் புத்தாண்டு நள்ளிரவில் கொட்டும் வண்ணக் காகிதத் துண்டுகளும் அவர் ஏற்பாடுதான். அது 1990களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது.

கிளீவ்லாந்தில் நடந்ததைச் சொல்லுமுன், அந்தப் பலூன் என்ன பொருள் என்று பார்த்துவிடுவது நல்லது. பின்னால் வந்த வாதமெல்லாம் அதைச் சுற்றித்தான்.

கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் விடியற்காலையில் பால்வெட்டுகிறவர்களுக்குத் தெரியும், மரத்திலிருந்து சிரட்டையில் சொட்டும் பாலை அப்படியே விட்டால் சீக்கிரமே உறைந்து கட்டியாகிவிடும். பலூனுக்குப் போகும் பாலில் அது உறையாமலிருக்க அமோனியா சேர்க்கிறார்கள். பிறகு கந்தகம், வினையை வேகப்படுத்தும் வேதிப்பொருள்கள், காற்றும் வெயிலும் அரிக்காமல் காக்கும் பொருள்கள், சாயம் ஆகியவை சேரும். பலூன் வடிவ அச்சுகளை முதலில் பாலை உறையவைக்கும் உப்புக் கரைசலில் முக்கி, பிறகு பாலில் முக்கி எடுக்கிறார்கள். மெல்லிய தோல் படிந்ததும் வாய்ப்பகுதியை உருட்டி வளையமாக்குகிறார்கள். நாம் உதட்டில் வைத்து ஊதுவது அந்த வளையத்தில்தான். பிறகு நீரில் கழுவி, சூட்டடுப்பில் வாட்டுகிறார்கள். அங்கேதான் கந்தகம் ரப்பர் இழைகளைக் குறுக்கே பிணைக்கிறது. பலூன் இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்கு வருவது இந்தப் பிணைப்பால்தான். மரத்தில் சொட்டிய பாலும் கையில் இருக்கும் பலூனும் உறவுக்காரர்கள், ஆனால் ஒன்றல்ல.

இந்த வேலை நமக்கு அந்நியமும் அல்ல. டயருக்குப் பேர்போன எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946இல் சென்னை திருவொற்றியூரில் தொடங்கியபோது செய்தது விளையாட்டுப் பலூன். அதைத் தொடங்கிய கே.எம். மாம்மன் மாப்பிள்ளை, செய்த பலூன்களைப் பையில் போட்டுக்கொண்டு தாமே சென்னைத் தெருக்களில் விற்றவர். டயர் அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது.

ரப்பர் பலூனின் பிறப்பிடம் ஓர் ஆய்வுக்கூடம். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1824இல் மைக்கேல் ஃபாரடே ஹைட்ரஜன் வாயுவை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். வாயுவை அடைத்துவைக்கப் பை வேண்டியிருந்தது. இரண்டு ரப்பர் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரத்தை அழுத்தி ஒட்டினார். உட்பக்கம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மாவு தூவினார். ஹைட்ரஜன் நிரப்பியதும் அது மேலே கிளம்பியது. மறு ஆண்டே தாமஸ் ஹான்காக் என்ற ரப்பர் வியாபாரி, வீட்டிலேயே பலூன் செய்துகொள்ளும் சாமான்களை விற்க ஆரம்பித்துவிட்டார். விஞ்ஞானியின் பை பிள்ளைகள் கையில் விளையாட்டுப் பொருளாக ஓராண்டு போதுமாக இருந்தது.

ஹைட்ரஜன் தீப்பற்றும். அதனால் பலூனோடு கூட்டத்தில் நிற்பது ஆபத்து. பறக்கவிடும் வழக்கம் பெருகியது ஹீலியம் கைக்கு வந்த பிறகுதான். இந்த வாயுவின் கதையில் அன்றைய சென்னை மாகாணத்துக்கும் இடமுண்டு. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் குண்டூரில் கூடாரம் போட்டிருந்தார். சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். அந்த ஆண்டில் சூரியனின் விளிம்பு ஒளியைப் பிரித்துப் பார்த்ததில் கண்ட மஞ்சள் கோடு, பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. இங்கிலாந்தில் நார்மன் லாக்யர் அதைப் புதுத் தனிமம் என்று சொல்லி, சூரியனின் கிரேக்கப் பெயரால் அழைத்தார். பூமியில் அதை வில்லியம் ராம்சே பிரித்தெடுத்தது 1895இல். அமெரிக்காவின் கான்சாஸ், டெக்சாஸ் மாநிலங்களில் இயற்கை எரிவாயுவோடு அது கலந்து கிடைத்ததும், தீப்பற்றாத மிதவை வாயு தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது. பாறைக்கடியில் யுரேனியமும் தோரியமும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்து சேர்த்துவைத்த சரக்கு அது. காற்றில் விட்டால் மெல்ல மெல்ல விண்வெளிக்குப் போய்விடும். திரும்பப் பிடிக்க வழியில்லை.

பலூனை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பதில் முதலில் பெரிய அளவில் இறங்கியது நியூயார்க்கின் மேசீஸ் என்ற பல்பொருள் அங்காடி. நவம்பர் மாத நன்றி நவிலல் திருநாளன்று அது நடத்தும் ஊர்வலத்தில் 1927இல் ராட்சத பலூன் உருவங்கள் வந்தன. முடிந்ததும் அவற்றை அவிழ்த்துவிட்டார்கள். உயரே போய் வெடித்தன. மறு ஆண்டு அதையே விளம்பரமாக்கினார்கள். வாயு மெதுவாகக் கசியும்படி செய்து, முகவரிச் சீட்டு தைத்து, கண்டெடுத்துத் திருப்பித் தருபவருக்கு 100 டாலர் பரிசு என்று அறிவித்தார்கள். புலி உருவம் ஒன்று லாங் ஐலண்டில் ஒரு வீட்டுக் கூரையில் இறங்க, அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் அது கிழிந்தே போனது.

1932இல் விளையாட்டு முற்றியது. விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த ஓர் இளம்பெண், பறந்துகொண்டிருந்த பூனை உருவப் பலூனில் விமானத்தை மோதிவிட்டார். ரப்பர் துணி இறக்கையில் சுற்றிக்கொள்ள, விமானம் சுழன்று கீழே விழத் தொடங்கியது. உடனிருந்த பயிற்சியாளர் கடைசி நேரத்தில் அதை நிமிர்த்தினார். அதன்பிறகு மேசீஸ் பரிசுத் திட்டத்தை மூட்டை கட்டிவைத்தது. இந்த நிகழ்ச்சி கொஞ்சம் யோசிக்கவைக்கிறது. மேசீஸ் விட்ட பலூனில் முகவரி இருந்தது, திரும்பி வர வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. எங்கே இறங்கும் என்று கடைக்காரர் கவலைப்பட்டார். பின்னால் வந்தவர்கள் அந்தக் கவலையையும் விட்டுவிட்டார்கள்.

போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் சின்னப் பலூன்களைக் கூட்டமாக விடுவது ஒரு சடங்காகவே ஆகிப்போனது. இண்டியானாபொலிஸ் 500 கார்ப் பந்தயத்தின் தொடக்கத்தில் பலூன் கூட்டம். நெப்ராஸ்கா பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தில் தங்கள் அணி முதல் புள்ளி எடுத்ததும் ஆயிரக்கணக்கான சிவப்புப் பலூன்கள். பள்ளிகளில் முகவரி அட்டை கட்டிய பலூன் போட்டிகள். இறந்தவர்களை நினைத்து வெள்ளைப் பலூன் விடுவதும் வந்து சேர்ந்தது. எண்ணிக்கைப் போட்டி தொடங்கியது 1980களில். தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகம் 1983இல் ஒரே ஆட்டத்தில் 3,63,729 பலூன்களை விட்டது. வால்ட் டிஸ்னியின் பிறந்தநாளான டிசம்பர் 5 அன்று, 1985இல், கலிஃபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலாந்து பத்து லட்சத்தை விட்டது. கிளீவ்லாந்து முறியடிக்க வேண்டியிருந்தது அந்தப் பத்து லட்சத்தைத்தான்.

ஆறு மாத ஏற்பாடு. சதுக்கத்தின் தென்மேற்கு மூலையில் 250 அடி நீளம், 150 அடி அகலம், மூன்று மாடி உயரத்துக்கு ஒரு சட்டகம் எழுந்தது. அதன்மேல் ஒரே துண்டாகப் பின்னிய வலை விரித்திருந்தது. உள்ளே நிரப்பும் பலூன்கள் எழும்பி வலையை முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நேரம் வந்ததும் வலையை விலக்க வேண்டும். 2,500 மாணவர்களும் தொண்டர்களும் வரிசை வரிசையாக உட்கார்ந்து வாயு நிரப்பி, கையால் முடிச்சுப் போட்டார்கள். முடிச்சுப் போடும் வேலையை ஒருமுறை செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: பத்து பலூன் கட்டும் வரை அது விளையாட்டு, அதற்குமேல் விரல் நுனி எரியும்.

1986 செப்டம்பர் 27, சனிக்கிழமை. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் கூடியிருந்தார்கள். ஏரிப் பக்கமிருந்து புயல்மழை வருவதாக வானிலைத் தகவல் வந்தது. இருபது லட்சம் என்ற இலக்கை எட்டும்வரை காத்திருந்தால் எல்லாமே நனைந்துவிடும். நிரப்பியது போதும் என்று முடிவெடுத்து, பிற்பகல் சுமார் 1.50க்கு வலையை அவிழ்த்தார்கள். கணக்கு 14,29,643 பலூன்கள்.

அந்தக் காட்சி அழகாகத்தான் இருந்தது. அதை மறுக்க வேண்டியதில்லை. கல்லெறிந்த கூட்டிலிருந்து தேனீக்கள் கிளம்புவது போல வண்ணங்கள் பொங்கி எழுந்து, 52 மாடி டெர்மினல் கோபுரத்தை வளைத்துக்கொண்டு ஏறின. அன்று எடுத்த படங்கள் இன்றும் இணையத்தில் சுற்றுகின்றன. பார்க்கிற யாருக்கும், கோபுரம் வெடித்துச் சிதறுகிறதோ என்று ஒரு நொடி தோன்றும்.

ஹீலியம் நிரப்பிய ரப்பர் பலூனுக்கு இரண்டு முடிவுகள்தான். நன்றாக நிரப்பியிருந்தால் மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து, பலூன் உப்பி, ஓர் உயரத்தில் வெடிக்கும். இல்லையென்றால் வாயு ரப்பரின் நுண்துளைகள் வழியே கசிந்து, ஒரு நாளுக்குள் எங்கேயோ தொலைவில் சுருங்கி விழும். இரண்டிலும் விட்டவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. கிளீவ்லாந்தில் மூன்றாவது ஒன்று நடந்தது. ஏறிக்கொண்டிருந்த பலூன்கள் குளிர்ந்த காற்றையும் மழையையும் சந்தித்தன. குளிரில் வாயு சுருங்கியது, ரப்பரின் மேல் நீர் படிந்து எடை கூடியது. வாயு தீருமுன்னே, உப்பியபடியே அவை கூட்டமாகத் தரை இறங்கின. விட்ட ஊரிலேயே, விட்ட நாளிலேயே.

சாலைகளில் பலூன் வெள்ளம். வண்டி ஓட்டிப் போனவர்கள் உருண்டு வந்த பலூன்களுக்கு வளைத்து ஒதுங்கியும், அதையே வேடிக்கை பார்த்தும் ஒருவர் வண்டியில் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். ஏரிக்கரையில் உள்ள பர்க் விமான நிலையத்தில் ஓடுபாதையை அரை மணி நேரம் மூடினார்கள். பக்கத்து மெடினா வட்டாரத்தில் ஒரு பண்ணையில் பலூன்கள் இறங்கியதும் மிரண்ட அரபுக் குதிரைகள் கலைந்து ஓடிக் காயப்பட்டன. குதிரைகளின் சொந்தக்காரர் 1,00,000 டாலர் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார்.

ஏரியில் நடந்தது அதைவிடக் கொடுமை. முந்தைய நாள், செப்டம்பர் 26 அன்று, இரண்டு பேர் சின்னப் படகில் மீன்பிடிக்கப் போயிருந்தார்கள். வீடு திரும்பவில்லை. அவர்கள் படகை எட்ஜ்வாட்டர் பூங்காவின் அலைதடுப்புச் சுவருக்கு அருகே கண்டுபிடித்த கடலோரக் காவல்படை தேடத் தொடங்கியபோது, வானத்திலும் பலூன், தண்ணீரிலும் பலூன். தண்ணீரில் தத்தளிக்கும் மனிதரைத் தேடுகிறவர்கள் கண் வைப்பது இரண்டைத்தான்: அலைக்குமேல் தெரியும் தலை, மிதவைச் சட்டையின் ஆரஞ்சு நிறம். ஏரிப் பரப்பு முழுவதும் தலை அளவு உருண்டைகள், ஆரஞ்சும் சிவப்பும் மஞ்சளும். ஹெலிகாப்டர் தாழப் பறக்கவும் திணறியது. செப்டம்பர் 29 அன்று தேடலை நிறுத்தினார்கள். இருவரின் உடல்களும் பின்னர் கரை ஒதுங்கின.

பலூன்களால்தான் அவர்கள் இறந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. முந்தைய நாளே போனவர்கள்; படகு எப்போது கைவிட்டது என்பதைப் பார்த்தவர் இல்லை. ஆனால் தேடுகிறவர்களின் கண்ணை மறைத்தது எது என்பதில் சந்தேகமில்லை. இறந்தவர்களில் ஒருவருடைய மனைவி 32 லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். அதுவும் குதிரை வழக்கும் கோர்ட்டுக்கு வெளியே சமரசமாயின. ஊரின் பெருமைக்காகத் தொடங்கிய ஒரு மதியம், ஊர் வெட்கப்படும் இன்னொரு கதையாக முடிந்தது. கின்னஸ் புத்தகத்தின் 1988 பதிப்பு அதைச் சாதனையாகப் பதித்தது. பின்னாளில் இந்த வகைப் போட்டியையே கைவிட்டது. பல நாள் கழித்தும் கனடாப் பக்கத்துக் கரையில் கிளீவ்லாந்துப் பலூன்கள் ஒதுங்கிக்கொண்டிருந்தன.

அதே செப்டம்பரில், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், டெக்சாஸ் கடற்கரையில் வேறொன்று தொடங்கியிருந்தது. கடல் பாதுகாப்பு அமைப்பொன்றின் லிண்டா மரானிஸும் கேத்தி ஓஹாராவும் 2,800 தொண்டர்களைத் திரட்டிக் கடற்கரையைச் சுத்தம் செய்தார்கள். குப்பை 124 டன் தேறியது. பொறுக்கியதோடு நிற்காமல், எது எத்தனை என்று அட்டையில் எழுதச் சொன்னார்கள். எண்ணினால்தான் சட்டம் கேட்கும் என்பது அவர்கள் எண்ணம். இன்று உலகெங்கும், பெசன்ட் நகர் கடற்கரை உட்பட, செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை நடக்கும் கடற்கரைத் துப்புரவின் தாய்வேர் அதுதான். கிளீவ்லாந்து கொண்டாட்டத்துக்கு இருந்த விளம்பரம் அதற்கு இருக்கவில்லை. ஆனால் பலூன் விடும் வழக்கத்தை அசைத்ததில், அந்த ஒரு நாள் அவமானத்தைவிட அட்டையும் பென்சிலுமாக நடந்தவர்களின் பங்கு பெரிது என்றே சொல்ல வேண்டும். அவர்கள் பட்டியலில் ரப்பர்த் துண்டும், முடிச்சும், ரிப்பனும் வந்துகொண்டே இருந்தன.

விலங்குகளின் வயிற்றிலும் வந்தன. 1985இல் நியூ ஜெர்சி கரையில் பட்டினியால் மெலிந்து ஒதுங்கிச் செத்த ஓர் இளம் ஸ்பெர்ம் திமிங்கிலத்தை அறுத்துப் பார்த்தபோது, உள்ளே உலோகப் பூச்சுப் பலூன் ஒன்று ரிப்பனோடு அடைத்துக்கொண்டிருந்தது. வெடித்த ரப்பர் பலூனோ, முடிச்சுப் பக்கம் மொத்தமாகவும் மற்ற பக்கம் நார் நாராகவும் கிழிந்து தண்ணீரில் தொங்கும். ஜெல்லி மீனையே தின்று வாழும் கடலாமைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய நியாயமில்லை.

இந்தப் புகார்கள் எழுந்ததும் பலூன் தொழில் கையிலெடுத்த ஆயுதம் ஓக் மரத்து இலை. பலூன் அலங்காரத் தொழிலாளர்களின் அமெரிக்கச் சங்கத்துக்காக 1989இல் தயாரான ஓர் அறிக்கை இரண்டு விஷயங்களைச் சொன்னது. விட்ட பலூன்களில் மிகப் பெரும்பாலானவை சுமார் எட்டுக் கிலோமீட்டர் உயரம் போய், உறைகுளிரில் இறுகி, சேமியா போன்ற துணுக்குகளாகச் சிதறிவிடும். கீழே விழும் ரப்பர், காட்டில் விழும் ஓக் இலை எவ்வளவு காலத்தில் மக்குமோ, ஏறக்குறைய அந்தக் காலத்தில் மக்கிவிடும். சொல்வதற்கு எளிது, கேட்பதற்கு இதம். மரத்திலிருந்து வந்த பால்தானே என்ற நம்பிக்கைக்கும் அது ஒத்துப்போனது.

அந்த இலை சட்டப் புத்தகத்துக்குள்ளேயும் நுழைந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் வேடிக்கை. ஃபுளோரிடா மாநிலம் 1989இல் நாட்டின் முன்னோடிச் சட்டங்களில் ஒன்றைப் போட்டது. 24 மணி நேரத்துக்குள் பத்துப் பலூனோ அதற்கு மேலோ விடக் கூடாது. ஆனால் மக்கக்கூடிய பலூனாக இருந்து, நூலோ ரிப்பனோ இல்லாமல் கையால் முடிச்சுப் போட்டிருந்தால் விலக்கு உண்டு. மக்கும் என்பதற்கு ஆதாரம்? பலூன் செய்த கம்பெனியே கொடுக்கும் சான்றிதழ். போலீஸ்காரர் கேட்டால் அதைக் காட்டினால் போதும். வர்ஜீனியாவும் 1991இல் மக்காத பலூனுக்கு மட்டும் வரம்பு போட்டது, ஒரு மணி நேரத்துக்கு ஐம்பதுக்குக் கீழ். கலிஃபோர்னியா கவலைப்பட்டது வேறு காரணத்துக்காக. உலோகப் பூச்சுப் பலூன் மின்கம்பியில் பட்டால் ஊரே இருளில் மூழ்கும். அதனால் அங்கே அந்த வகைப் பலூனை எடை கட்டாமல் விற்கக் கூடாது என்று 1990இலேயே சட்டம் வந்தது. அப்படியும் அம்மாநிலத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான மின்தடைகளுக்குப் பலூன்களே காரணம்.

ஓக் இலைக் கணக்கைச் சோதித்தவர்கள் டாஸ்மேனியப் பல்கலைக்கழகத்தின் மோர்கன் கில்மோரும் ஜெனிஃபர் லேவர்ஸும். மக்கும் என்று விற்ற ரப்பர் பலூன்களை நன்னீரிலும் உப்புநீரிலும் எருக்குழியிலும் 16 வாரம் போட்டுவைத்தார்கள். எடுத்துப் பார்த்தபோது வடிவம் பெரிதாக மாறவில்லை. பலூன் பலூனாகவே இருந்தது. 2021இல் வெளியான அந்த முடிவு, ரப்பர் தொழிற்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்காது. கந்தகமும் காப்புப் பொருள்களும் சேர்ப்பதே பலூன் எளிதில் சிதையாமல் இருக்கத்தானே.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு லாரன் ரோமனும் சக ஆய்வாளர்களும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கத்துக் கடற்பறவைகளை அறுத்துச் சோதித்த முடிவுகள் வந்திருந்தன. 51 இனங்களைச் சேர்ந்த 1,733 பறவைகள். மூன்றில் ஒன்றின் வயிற்றில் குப்பை இருந்தது. விழுங்கிய துண்டுகளில் பலூன் வெறும் இரண்டு சதவீதம்தான். ஆனால் பலூனை விழுங்கியவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று அதனாலேயே செத்திருந்தது. கெட்டி பிளாஸ்டிக்கோடு ஒப்பிட்டால் சாவதற்கான வாய்ப்பு 32 மடங்கு. கெட்டித் துண்டு சிலசமயம் உள்ளே கிடந்து கழிந்துவிடும். ரப்பர் வளைந்து நெளிந்து குடலில் அடைத்துக்கொள்ளும். பலூனைப் பலூனாக்கும் அதே மென்மைதான் பறவைக்கு எமன்.

அதன்பிறகு வழக்கம் சரிந்த வேகம் பலரும் எதிர்பாராதது. கிளெம்சன் பல்கலைக்கழகம் ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் விட்டுவந்த 10,000 பலூன்களை 2018இல் நிறுத்தியது. 1983 சாதனைக்குச் சொந்தக்காரர்களே கைகழுவியது இந்தக் கதையில் சின்ன விஷயமல்ல. இண்டியானாபொலிஸ் பந்தயமும் 2022இல் பலூனைக் கைவிட்டது. நெப்ராஸ்காவுக்கு வந்த நெருக்கடி வேறு மாதிரி: அங்கே 2022இல் சிவப்புப் பலூன்களை நிறுத்தியது, ஹீலியம் தட்டுப்பாடு என்பதால். இருப்பதை மருத்துவத் தேவைக்கு விட வேண்டும் என்பது பல்கலைக்கழகம் சொன்ன காரணம். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தத்தைப் பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரியில் வைத்திருப்பது திரவ ஹீலியம்தான். குண்டூர்க் கிரகணத்தின் ஆண்டில் கண்ட அந்த மஞ்சள் கோட்டின் வாயு மைதானத்துக்கு மேலே போவதா, ஸ்கேன் அறைக்குப் போவதா என்ற கேள்விக்கு விடை கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை.

ஈரி உள்ளிட்ட ஐம்பெரும் ஏரிகளின் கரைகளில் 2016 முதல் 2018 வரை தொண்டர்கள் பொறுக்கியெடுத்த பலூன்களும் பலூன் துண்டுகளும் நூல்களும் 18,000க்கு மேல். கின்னஸுக்காக யாரும் விட்டவை அல்ல. பிறந்தநாள், பள்ளி விழா, இரங்கல் கூட்டம். இரங்கல் கூட்டத்தில்தான் இந்தத் தடை கசக்கிறது. செத்துப்போன பிள்ளைக்காக ஒரு தாய் விடும் வெள்ளைப் பலூனைக் குப்பை என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் வாய் வராது. கிளீவ்லாந்தின் 14 லட்சத்தைத் திட்டுவது சுலபம். அந்த ஒன்றைத் திட்டுவது அப்படியல்ல. ஆனால் கரையில் ஒதுங்கும் துண்டுகளில் பெரும்பாலானவை இப்படிப் பத்தும் இருபதுமாக விட்டவைதான்.

வர்ஜீனியா 2021இல் மணிக்கணக்கு வரம்பைத் தூக்கியெறிந்துவிட்டு, பதினாறு வயது நிரம்பிய யாரும் வேண்டுமென்றே ஒரு பலூனைக்கூட விடக் கூடாது என்றது. பலூனுக்கு 25 டாலர் வரை அபராதம். மேரிலாந்தும் அதே ஆண்டு தடை போட்டது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலமும் அந்த வரிசையில் சேர்ந்தது. கடைசியில் ஃபுளோரிடா தன் பழைய சட்டத்துக்குத் திரும்பியது. 2024 ஜூலை 1 முதல் அங்கே வேண்டுமென்றே பலூன் விடுவது குப்பை கொட்டுவதாகவே கணக்கு, 150 டாலர் அபராதம். ஒன்பதுவரை விடலாம் என்ற சலுகை போனது. மக்கும் பலூனுக்கு விலக்கு என்ற பகுதியும், கம்பெனி கொடுக்கும் சான்றிதழும், 35 ஆண்டுகள் கழித்துச் சட்டப் புத்தகத்திலிருந்து அடிபட்டன. அரசு சார்பிலான அறிவியல், வானிலைப் பலூன்களுக்கு விலக்கு தொடர்கிறது. ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் கைதவறியோ ஆசைப்பட்டோ விட்டால் அபராதம் கிடையாது.